சித்தப்பாவின் கன்னத்தில் ஒரு கால்

யோகன் அண்ணையின் முழங்கால் தன்பாட்டில் அசைந்ததைப் பார்த்தபோதுதான் அந்த யோசனை என்னைப் பிடித்தது.

அவர் எங்கள் வகுப்பில் படிப்பவர் அல்லர். அண்ணன் மகள் தர்ஷினியைக் கூட்டிப்போக வந்தவர். விமான உதிரிப்பாகத் தொழிற்சாலையில் சனிக்கிழமை மேலதிக வேலை முடித்துவிட்டு, சப்பாத்தில் பனி உருகி ஒழுக, மொன்ட்ரியாலின் சென்ட் லோரன்ட் சமூக நிலைய மண்டபத்தின் வாசலில் சாய்ந்து நின்றார். உள்ளே நாங்கள் நடை பழகிக்கொண்டிருந்தோம். நிலத்தில் ஒரு முக்கோணம் இருப்பதாக நினைத்துக்கொண்டு, அதன் மூலைகளில் மாறி மாறிக் கால் வைத்து, முழங்காலைத் தளர்த்தி, இடுப்பை மெல்ல முன்தள்ளி, மூன்று எண்ணிக்கைக்கு ஒரு சுற்று. சண்டைக்குப் போகிறவர்களின் நடைபோலவே இராது. கலியாண வீட்டில் மேளம் கேட்டு நிற்பவர்களின் உடம்புபோல இருக்கும்.

“தங்கச்சி, இது என்ன, கராத்தேயோ கூத்தோ?”

“ரெண்டும் இல்லை அண்ணை. தேக்கியோன். கொரியாவின்ர பழைய சண்டை விளையாட்டு.”

“டேக்வாண்டோ எண்டு சொல்லன்.”

“அது வேற, இது வேற அண்ணை.”

“என்னவோ, எனக்குத் தகிட தகிட எண்டுதான் கேக்குது” என்றார். சொல்லும்போதே அவருடைய வலது முழங்கால் மடங்கி நிமிர்ந்தது. அடுத்தது இடது. ஈரச் சப்பாத்தோடு, கையில் கார்ச் சாவியோடு, மனிதர் முக்கோணத்தை மிதித்துக்கொண்டிருந்தார். நான் இரண்டு மாதம் தலைகீழாக நின்று பழகிய தாளம் அது.

எங்கள் ஆட்களுக்கென்று ஓர் அறிமுக வகுப்பு ஏன் நடத்தக் கூடாது என்று அந்த இடத்திலேயே தோன்றியது. தோன்றியதும் செய்துவிட வேண்டும், இல்லாவிட்டால் எனக்கு நித்திரை வராது. அடுத்த நாளே தலைமைப் பயிற்றுநரிடம் போய் நின்றேன்.

அடுத்த மாதம் முதன்முதலாக அறிமுக வகுப்பு எடுக்கப்போகிற புதிய உதவிப் பயிற்றுநர்களான உங்கள் மூன்று பேருக்கும்தான் இதை எழுதுகிறேன். பணி அனுபவம் எழுத வேண்டுமென்றால் தலை நரைத்திருக்க வேண்டுமாம். எனக்கு முப்பதுகூட ஆகவில்லை. பகலில் கணினிக்கு முன்னால் வேலை, வார இறுதியில் இங்கே உதவிப் பயிற்றுநர். ஆனால் முதுமைவரை காத்திருந்து எழுதுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. பல வருடம் கழித்து எழுதப்படும் அனுபவங்களில் எழுதியவர் எப்போதும் சரியாகவே நடந்திருப்பார், கவனித்துப் பாருங்கள்.

உதைப்பது எப்படி, விழுவது எப்படி என்பதெல்லாம் இதில் இல்லை. அவற்றை உங்கள் உடம்பே உங்களுக்குச் சொல்லித்தந்துவிட்டது. ஆனால் உங்கள் வீட்டில் யாராவது இதை எடுத்து வாசித்தால் விளங்க வேண்டும் என்பதற்காக ஆட்டத்தை மட்டும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இதில் குத்து இல்லை. எதிராளியை நிலத்தில் விழுத்தினால் வெற்றி. அல்லது உங்கள் பாதம் அவர் முகத்தைத் தொட்டால் வெற்றி. நோகப்பண்ணக் கூடாது, உதை என்று பெயர், செய்வதெல்லாம் தள்ளுவதும் தொடுவதும்தான். இன்னொரு விதி உண்டு, எனக்கு மிகவும் பிடித்தது. எட்ட நின்று பதுங்கக் கூடாது. ஒரு காலை எதிராளிக்கு எட்டுகிற தூரத்தில் முன்வைத்துத்தான் நிற்க வேண்டும். வந்தவரை முதலில் பந்தியில் இருத்துவதுபோல, ‘இந்தக் காலை எடுத்துக்கொள்ளுங்கள்’ என்று கொடுத்துவிட்டுத்தான் ஆட்டமே தொடங்கும்.

தலைமைப் பயிற்றுநர் என்னைவிட நாலைந்து வயதுதான் மூத்தவர். கொரியாவிலிருந்து பல்கலைக்கழக ஆய்வுக்காக வந்தவர். நீண்ட பேச்சுக்குப் பொறுமை இல்லாதவர். நான் தாளம், கூத்து, கால் என்று பதினைந்து நிமிடம் விளக்கினேன். அவர் பிரெஞ்சில் ஒரே வசனம் சொன்னார்: “மண்டபச் சாவியை மறக்காமல் திருப்பிக் கொடு.”

முதல் நாள் வந்தவர்களில் யோகன் அண்ணை இருந்தார். கார்த்திக் இருந்தான், சென்னையிலிருந்து மேற்படிப்புக்கு வந்தவன். கார்டெரி என்ற பகல்நேரக் காப்பகத்தில் குழந்தைகளைப் பார்க்கும் வேலை செய்கிற வசந்தி அக்கா இருந்தார். இன்னும் சிலர். தாளம் பற்றி நான் நினைத்தது சரிதான். ‘தகிட’ என்றதும் நடை வந்துவிட்டது. நான் நினைக்காதது அடுத்த பயிற்சியில் வந்தது.

இருவர் எதிரெதிரே நின்று, ஒருவர் மற்றவரின் கணுக்காலை உள்ளங்காலால் மெல்லத் தட்ட வேண்டும். அவ்வளவுதான். யோகன் அண்ணை கார்த்திக்கைத் தட்டினார். தட்டிய மறுகணமே குனிந்து அவன் முழங்கையைத் தொட்டு விரலைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

“ஐயோ அண்ணா, பெரியவங்க நீங்க போய்!” என்று கார்த்திக் பதறி, தானும் குனிந்து அவர் காலைத் தொடப்போனான். இரண்டு தலைகளும் மோதின.

பக்கத்தில் வசந்தி அக்கா ஒருவரைத் தட்டினார், தொட்டார், கண்ணில் ஒற்றினார். அந்தப் பக்கம் இன்னொருவர். மண்டபம் முழுக்க ஆட்கள் தட்டுவதும் குனிவதும் ஒற்றுவதுமாக, கோயிலில் பூசை முடிந்த நேரம்போல ஆகிவிட்டது. கால் பட்டால் தொட்டுக் கும்பிடுவதை யாரும் எங்களுக்குப் பாடமாகச் சொல்லித்தந்ததில்லை. புத்தகத்தில் பட்டாலும் செய்கிறோம், பஸ்ஸில் பக்கத்தில் இருப்பவரில் பட்டாலும் செய்கிறோம். கால்களால் ஆடும் ஒரு விளையாட்டுக்கு அவர்களை அழைத்தபோது இது எனக்கு ஞாபகமே வரவில்லை.

தலைமைப் பயிற்றுநர் என் பக்கம் சரிந்து கேட்டார்: “ஏன் எல்லாரும் கண்ணைத் துடைக்கிறார்கள்? மண்டபத்தில் தூசியா?”

எனக்கு வெட்கமாகிவிட்டது. உரத்த குரலில் அறிவித்தேன்: “இனி இங்க ஒருத்தரும் தொட்டுக் கும்பிடக் கூடாது. இது விளையாட்டு.”

கும்பிடுவது நின்றது. கூடவே ஆட்டமும் நின்றது. யாருடைய காலும் மற்றவர்மேல் படவில்லை. ஒரு சாண் முன்னால் வந்து மரமாக நின்றது. கும்பிட முடியாதென்றால் கால் படவே கூடாது என்று உடம்பு தீர்மானித்துவிட்டது. வசந்தி அக்கா கையை விரித்தார்: “பிள்ளை, கை தானாப் போகுது, நான் என்ன செய்ய? வேணுமெண்டால் என்ர ரெண்டு கையையும் கட்டிப்போட்டு விடு.”

இடைவேளையில் தலைமைப் பயிற்றுநருக்கு விளக்கம் சொன்னேன். அவர் கேட்டது எதிர்பாராத கேள்வி. “அந்த மன்னிப்பு, பட்டதற்கு மட்டுமா? படப்போவதற்கும் கேட்கலாமா?”

நான் பிறந்ததிலிருந்து செய்கிற ஒன்றைப் பற்றி அப்படி யோசித்ததே இல்லை என்று உணர்ந்தேன். “தெரியாது” என்றேன்.

“கேட்டுப் பார்.”

இடைவேளை முடிந்ததும் எல்லாரையும் சோடி சோடியாக நிறுத்தினேன். ஒருவரையொருவர் தொட்டு, கண்ணில் ஒற்றிக்கொள்ளச் சொன்னேன். இன்றைக்குப் படப்போகிற எல்லாவற்றுக்குமாகச் சேர்த்து.

“அட்வான்ஸ் எண்டு சொல்லுங்கோவன்” என்றார் யோகன் அண்ணை. எல்லோரும் சிரித்தார்கள். சிரித்துவிட்டு, உண்மையாகவே தொட்டு ஒற்றினார்கள். அதன்பிறகு கால்கள் பட்டன. தட்டின, தள்ளின, ஒருவர் இருவர் விழக்கூடச் செய்தார்கள். கார்த்திக்கின் கை மட்டும் ஒருமுறை பாதிவழி போய், ‘குடுத்தாச்சே’ என்று திரும்பி வந்தது.

என் தடை செய்யாததை அந்தக் கேள்வி செய்தது. நான் அவர்களுடைய பழக்கத்தை வாசலில் கழற்றிவிட்டு வரச் சொன்னேன். அவர் அதற்கு உள்ளே ஓர் இடம் தேடினார். இன்றுவரை எங்கள் அறிமுக வகுப்பு அப்படித்தான் தொடங்குகிறது. தமிழ் தெரியாத மாணவர்களும் செய்கிறார்கள். உங்களிடம் வருகிறவர்கள் எதை எதைச் சுமந்துகொண்டு வருவார்கள் என்று எனக்குத் தெரியாது. இறக்கிவைக்கச் சொல்வதற்கு முன் ஒரு கேள்வி கேளுங்கள் என்று மட்டும் சொல்கிறேன்.

ஆனால் அந்த அட்வான்ஸ் கழுத்துக்கு மேலே செல்லுபடியாகவில்லை.

காலைத் தட்டலாம், இடுப்பைத் தள்ளலாம். முகம் என்றதும் எல்லோரும் பின்வாங்கினார்கள். உள்ளங்கால் ஒருவரின் முகத்தைத் தொடுவது அடியைவிட மோசம். அடிபட்டவர் மறந்துவிடுவார், இதை மறக்கமாட்டார். “முகத்தில கால் வைக்கிறதெண்டால் நான் வீட்டை போறன்” என்று வசந்தி அக்கா வெளிப்படையாகவே சொன்னார். ஒருத்திதான் விதிவிலக்கு. தர்ஷினி.

அவள் அப்போது கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தாள். இங்கே வளர்ந்தவள், கோபம் வந்தால் பிரெஞ்சு, பசி வந்தால் தமிழ். அவளுடைய கால் நேராக எழுந்து, எதிராளி இதோ நெஞ்சுக்கு வருகிறது என்று நினைக்கும்போது பக்கவாட்டில் திரும்பி, கன்னத்தைத் தொட்டுவிட்டு இறங்கும். சத்தமே இருக்காது. தலைமைப் பயிற்றுநர் யாரையும் புகழ்ந்து நான் கேட்டதில்லை. தர்ஷினியின் காலைப் பார்த்துவிட்டு ஒருநாள், “சரி” என்றார். அடுத்த வாரம், வசந்த காலத்தில் ரொறொன்ரோவில் நடக்கும் சிநேகபூர்வ ஆட்டங்களுக்கு எங்கள் மண்டபத்திலிருந்து அவளைத்தான் அனுப்புவதென்று சொன்னார்.

தர்ஷினி என்னிடம் ஓடிவந்தாள். “அக்கா, நான் இதுவரைக்கும் ஒண்டுக்கும் முதலாவதா வந்ததில்லை. படிப்பில அண்ணா, பாட்டில தங்கச்சி. இது என்ர.”

அப்பா ஓம் என்று சம்மதிக்க வேண்டும். அங்கேதான் சிக்கல்.

அவள் அப்பா பரமநாதன் மொன்ட்ரியால்-நோரில் இருந்தார். பாண் பேக்கரி ஒன்றுக்கு வான் ஓட்டுகிறவர். மகள் ஏதோ உடற்பயிற்சிக்குப் போகிறாள், தம்பியும் கூடப் போகிறான் என்ற அளவில்தான் அவருக்குத் தெரியும். ஒரு பிறந்தநாள் கொண்டாட்டத்தில் யாரோ கேட்டுவிட்டார்கள்: “பரமண்ணை, உங்கட மகள் ஆம்பிளையளின்ர முகத்தில காலால அடிக்கிறாளாமே?”

அந்த வாரமே எனக்குத் தொலைபேசி வந்தது.

“பிள்ளை, நான் தர்ஷினியின்ர அப்பா கதைக்கிறன்.”

“ஓம் அங்கிள், சொல்லுங்கோ.”

“சனிக்கிழமை வாறன். பார்த்திட்டுத்தான் ரொறொன்ரோ. எனக்குப் பிடிக்காட்டி ரொறொன்ரோவும் இல்லை, வகுப்பும் இல்லை. விளங்குதோ?”

“விளங்குது அங்கிள்.”

“ஒண்டையும் ஒளிச்சு மறைச்சுக் காட்ட வேண்டாம். என்ன செய்யிறனீங்களோ அதைக் காட்டுங்கோ.”

சனிக்கிழமை காலையிலிருந்தே பனி கொட்டியது. பஸ்கள் ஊர்ந்தன. கார்த்திக் மெட்ரோ நிலையத்திலிருந்து போன் எடுத்து, பஸ்ஸைக் காணோம் என்றான். வந்து சேர்ந்தவர்கள் வசந்தி அக்கா, புதியவர்கள் சிலர், தர்ஷினி, அவளைக் காரில் கூட்டிவந்த யோகன் அண்ணை. பின்னாலேயே பரமநாதன் அங்கிள். மடக்குக் கதிரை ஒன்றை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். குளிர் ஜக்கெட்டைக் கழற்றவில்லை. சிப்பைக் கழுத்துவரை இழுத்து விட்டிருந்தார். எந்த நிமிடமும் எழுந்து போகத் தயாரான ஆள்.

என் திட்டம் சுலபமானது. நடை, தாளம், கணுக்கால் தட்டல், கொஞ்சம் விழுதல். வடிவாக இருக்கும். கூத்துப்போல இருக்கும். முகம் வராது. தலைமைப் பயிற்றுநரிடம் சொன்னேன்.

“அவர் எதைப் பார்க்க வந்திருக்கிறார்?” என்று கேட்டார்.

“ஆட்டத்தை.”

“நீ எதைக் காட்டப் போகிறாய்?”

மண்டபத்தைப் பார்த்தேன். தர்ஷினியோடு ஆடக்கூடிய அளவு தேறியவர் அன்றைக்கு ஒரே ஆள்தான் இருந்தார். அவளுடைய சொந்தச் சித்தப்பா. பார்க்க வந்திருப்பவருடைய சொந்தத் தம்பி.

“அது முடியாது” என்றேன்.

“நடுவர் நீ. முடியுமா முடியாதா என்பதும் நீதான்” என்று சொல்லிவிட்டு அவர் சுவரோரம் போய் நின்றுகொண்டார். இந்த இடத்தில் உங்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். நெருக்கடியில் உங்களைவிடத் தெரிந்தவர் ஒருவர் அறையில் இருப்பார். அவர் உதவப்போவதில்லை என்று தெரிந்த பிறகுதான் நீங்கள் யோசிக்கத் தொடங்குவீர்கள்.

ஒளித்து மறைக்க வேண்டாம் என்று கேட்டுக்கொண்டு, இந்தப் பனியில் நகரத்தின் அந்தக் கோடியிலிருந்து வந்த மனிதருக்குப் பாதி ஆட்டத்தைக் காட்டி அனுப்ப எனக்கு மனம் வரவில்லை. இன்றைக்கு ஓம் வாங்கலாம். ரொறொன்ரோவில் அவர் முன்வரிசையில் இருந்து பார்க்கும்போது அந்த ஓம் என்னவாகும்? யோகன் அண்ணையையும் தர்ஷினியையும் நடுவே அழைத்தேன். இருவரும் ஒருவரையொருவர் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். கதிரையில் இருந்தவரின் புருவம் லேசாக உயர்ந்தது.

ஆட்டம் தொடங்கியது. யோகன் அண்ணை கால் முன்வைத்தார். தாளம் பிடித்தார். அவர் ஆட்டம் எப்போதும் அகலமானது, பகிடி நிறைந்தது. இடுப்பை ஒருபக்கம் காட்டி மறுபக்கம் போவார். தர்ஷினி அவரைச் சுற்றினாள். அவருடைய கை கீழே இறங்கிய ஒரு கணம், கன்னம் முழுசாகத் திறந்து கிடந்தது. அவளுடைய கால் எழுந்தது. எழுந்து, தோளுக்குக் கீழேயே திரும்பி இறங்கிவிட்டது.

சரி, தவறிவிட்டாள் என்று நினைத்தேன். மறுபடியும் அதே இடைவெளி. மறுபடியும் கால் பாதியில் வளைந்து வெறும் காற்றைத் தொட்டது. அதற்குப் பிறகு அவள் கால் தூக்குவதையே விட்டுவிட்டு, முன்வைக்க வேண்டிய காலையும் மெல்ல மெல்லப் பின்னுக்கு இழுத்தாள். யாரும் அவளுக்கு ஒன்றும் சொல்லிக்கொடுக்கவில்லை. சித்தப்பாவின் முகம் ஒருபக்கம், அப்பாவின் கண்கள் ஒருபக்கம்; நடுவில் கால் தானாக வளைந்தது.

யோகன் அண்ணை நின்றார். இடுப்பில் கை வைத்தார்.

“என்னடி பிள்ளை இது? எனக்குச் சீனி போட்டுத் தேத்தண்ணி ஆத்தித் தாறியோ?”

“விளையாடுங்கோ சித்தப்பா.”

“நான் விளையாடுறன். நீதான் விருந்தாளிக்கு விசிறிக்கொண்டு நிக்கிறாய். நான் என்ன கிழவனோ?”

புதியவர்கள் சிரித்தார்கள். கதிரையில் இருந்து சிரிப்பு வரவில்லை.

இப்போது நினைத்தால் அந்தச் சில விநாடிகள்தான் இதையெல்லாம் எழுத வைத்தவை. நான் ஒன்றும் செய்யாமல் இருந்திருக்கலாம். இன்னும் கொஞ்ச நேரம் இருவரும் சுற்றுவார்கள், சமநிலை என்று கை உயர்த்துவேன், எல்லோரும் கைதட்டுவார்கள். அப்பாவுக்குத் தன் மகள் மரியாதை தெரிந்த பெண் என்ற திருப்தி. எனக்கு ஓம். யாருக்கும் ஒரு நட்டமும் இல்லை. ஆனால் எதிராளிக்குக் காலைக் கொடுக்காமல் பின்வாங்கினால் எச்சரிக்கை என்பது விதி. நான் அன்றைக்கு மகளுக்கு அக்காவும் அல்லேன், அப்பாவுக்குப் பிள்ளையும் அல்லேன், நடுவர். கையை உயர்த்தினேன்.

“தர்ஷினி. எச்சரிக்கை.”

அவள் என்னைப் பார்த்த பார்வையில் பிரெஞ்சு தெரிந்தது. “ஏன் அக்கா? நான் ஒண்டும் செய்யேல்லையே!”

“அதுக்குத்தான்.”

வசந்தி அக்கா வாயைக் கையால் மூடிக்கொண்டார். மகளை அவளுடைய அப்பாவுக்கு முன்னால் கண்டித்துவிட்டேன். அதுவும் மரியாதையாக நடந்ததற்காக. சுவரோரம் பார்த்தேன். தலைமைப் பயிற்றுநர் யன்னலுக்கு வெளியே பனியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

யோகன் அண்ணை மறுபடி கால் முன்வைத்தார். இந்தமுறை பகிடி இல்லை. “வா பிள்ளை” என்றார், தாழ்ந்த குரலில். தர்ஷினி தன் காலை முன்வைத்தாள், அவருக்கு நன்றாக எட்டும்படி. தகிட, தகிட. அண்ணை அந்தக் காலைத் தட்டப் போனார். தட்ட அவருடைய உடம்பு சரிந்தது. அவளுடைய மற்றக் கால் எழுந்து, நெஞ்சுக்கு நேரே வந்து, திரும்பி, அவருடைய இடது கன்னத்தில் போய் இருந்தது. அறையவில்லை. காய்ச்சல் பார்க்க வைத்த கைபோல இருந்தது.

கால் இறங்கியது. அவளுடைய முகம் வெளிறிப்போயிருந்தது.

யோகன் அண்ணை கன்னத்தைத் தடவினார். “அம்மாடி! கால் குளிருதடி. மேசு போட்டுக்கொண்டு வந்து வைக்கக் கூடாதோ?” என்றார்.

யாரும் சிரிக்கத் துணியவில்லை. பரமநாதன் அங்கிள் எழுந்துவிட்டார். வாசலுக்குத்தான் போகிறார் என்று நினைத்தேன். ரொறொன்ரோ போயிற்று, வகுப்பும் போயிற்று, இனி இந்த மண்டபத்துக்குத் தமிழ் ஆட்கள் வரமாட்டார்கள் என்று மனதுக்குள் ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டிருந்தேன். அவர் வாசலுக்குப் போகவில்லை. குனிந்து சப்பாத்தின் நாடாவை அவிழ்த்தார்.

“யோகன், நோகேல்லையோ?”

“இல்லையண்ணை.”

“வெக்கம்?”

யோகன் அண்ணை யோசித்தார். “முதல் ரெண்டுதரம் விட்டவள் பாருங்கோ, அப்பதான் வெக்கமா இருந்தது.”

“நானும் கண்டனான்” என்றார் அங்கிள். “ஊரில வொலிபோல் விளையாடினவன் நான். விட்டுக்குடுத்து விளையாடுறதை எத்தினை தரம் பார்த்திருப்பன்? அதைவிட வலையைக் கழட்டிக்கொண்டு வீட்டை போகலாம்.” சப்பாத்தைக் கழற்றி ஓரமாக வைத்தார். ஜக்கெட்டின் சிப்பைக் கீழே இழுத்தார். மகளுக்கு எதிரே வந்து நின்றார். “எனக்கும் வை பாப்பம்.”

“அப்பா!”

“என்ன அப்பா? ரொறொன்ரோவில நிக்கப்போறவன் ஆற்றையோ அப்பன், ஆற்றையோ பிள்ளை. அவையளுக்கு வைப்பாய், எனக்கு மாட்டியோ?”

“ஏலாது அப்பா.”

“ஏலாதெண்டால் போகாதை.”

நான் குறுக்கே போக ஓரடி வைத்தேன். இது வகுப்பு இல்லை, வீட்டு விவகாரம், நிறுத்திவிட வேண்டும் என்று தோன்றியது. தர்ஷினி என்னைப் பார்க்கவில்லை. அவள் அப்பாவின் கால்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பார்வையை எனக்குத் தெரியும். சண்டை பிடிக்கும் மகளின் பார்வை இல்லை அது. வைத்த அடியைத் திரும்ப எடுத்துக்கொண்டேன். நிறுத்துவதற்குத் தைரியம் வேண்டும் என்பார்கள். நிறுத்தாமல் நிற்பதற்கும் வேண்டும்.

தம்பி செய்ததைப்போலவே அங்கிள் ஒரு காலை முன்வைத்தார். கைகள் இரண்டையும் முகத்துக்கு முன்னால், பந்து தடுக்கிறவர்போல் உயர்த்தினார். தர்ஷினி அவர் முழங்கையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றினாள். அவரும் யோசியாமல் அவளைத் தொட்டு ஒற்றிவிட்டார். பிறகு அவள் தாளம் பிடித்தாள். அவருக்கு நேரே கால் எழுந்தது; கைகள் இன்னும் உயர்ந்தன, கண்கள் இறுக மூடின. எழுந்த கால் முகத்துக்குப் போகவில்லை. கீழே இறங்கி, அவர் முன்வைத்திருந்த காலைக் குதிக்குப் பின்னால் கொளுவி இழுத்தது. ஜக்கெட்டோடு அங்கிள் தொம்மென்று பாயில் விழுந்து இருந்தார்.

“முகம் எண்டெல்லோ சொன்னனான்!”

“முகத்தை நீங்கள் பொத்திக்கொண்டு நிண்டியள் அப்பா. காலை மறந்திட்டியள்.”

அவர் இருந்த இடத்திலிருந்தே அவளை அண்ணாந்து பார்த்தார். ஏய்த்துவிட்டாளா, ஆடினாளா என்று அளப்பதுபோல. அவள் கண்ணை எடுக்கவில்லை. கை கொடுத்துத் தூக்கிவிடவும் இல்லை. அவர் தானாக எழும்பட்டும் என்று நின்றாள். நான் நடுவர் அல்லவா? கையை அவள் பக்கம் உயர்த்தினேன்.

அங்கிள் எழுந்தார். பின்பக்கத்தைத் தட்டினார். தம்பியைப் பார்த்து, “இவள் உன்னட்டை இருந்தோ இதைப் பழகினவள்?” என்றார்.

“என்னையும் இப்பிடித்தான் விழுத்துறவள், அண்ணை.”

“ரொறொன்ரோவுக்கு எத்தினை மணிக்கு பஸ்?” என்று என்னிடம் கேட்டார். நான் சொல்வதற்குள், “பஸ் வேண்டாம், நானே கார் ஓடிக்கொண்டு போறன்” என்றார். “தாய்க்கு இப்ப ஒண்டும் சொல்ல வேண்டாம். நான் ஆறுதலாச் சொல்லுறன்.”

தர்ஷினி ரொறொன்ரோவில் முதல் ஆட்டத்தில் வென்றாள், இரண்டாவதில் தோற்றாள். வென்றது முகத்தால், தோற்றதும் முகத்தால். தாய்க்கு அங்கிள் இன்னும் எல்லாவற்றையும் சொல்லி முடிக்கவில்லை என்று கேள்வி.

அன்றைக்கு வகுப்பு முடிந்து பாய்களை மடிக்கும்போது தலைமைப் பயிற்றுநரிடம் கேட்டேன்: நான் எச்சரிக்கை கொடுத்தது சரியா? அவர் பாயின் மறுமுனையைப் பிடித்தபடி, “ஏன், கொடுக்காமல் விட்டிருப்பாயா?” என்றார். அது பதில் இல்லை என்றேன். இல்லைதான் என்றார்.

இதை நான் பலமுறை திருப்பித் திருப்பி யோசித்திருக்கிறேன். எங்கள் ஆட்களுக்குக் காலால் தொடுவது கடினம் என்றுதான் நான் நினைத்திருந்தேன். அது இரண்டாவது கடினம். தொடப்படுகிறவர் அதை எப்படி எடுத்துக்கொள்வார் என்ற பயம்தான் முதலாவது. காலை வளைய வைத்தது அதுதான். யோகன் அண்ணை ‘கால் குளிருதடி’ என்ற அந்த ஒரு வசனத்தில் அது உடைந்தது. அவர் வாங்கியதில்தான் அவள் கொடுக்கப் பழகினாள். நாமோ வகுப்புக்கு வகுப்பு கொடுக்கத்தான் சொல்லித்தருகிறோம்.

ஆகவே இந்த முறை ஒழுங்கை மாற்றிப் பார்க்கப் போகிறேன். மொன்ட்ரியால்-நோரில் நீங்கள் மூவரும் என்னோடு எடுக்கும் அறிமுக வகுப்பு பிள்ளைகளுக்கு அல்ல, பெற்றோருக்கு. முதல் நாள் உதை எதுவும் கிடையாது. பிள்ளைகள் உள்ளங்காலைத் தூக்கிக் காத்திருப்பார்கள். பெரியவர்கள் தாமாக வந்து தங்கள் கன்னத்தை அதில் வைக்க வேண்டும். அவ்வளவுதான் முழுப் பாடமும். எடுபடுமா என்று தெரியாது. முதல் பத்து நிமிடத்தில் பாதிப்பேர் எழுந்து போனாலும் ஆச்சரியப்படமாட்டேன். போகிறவர்களைத் தடுக்காதீர்கள், தேத்தண்ணி கொடுத்து இருத்திப் பாருங்கள். யாரிலாவது தொடங்க வேண்டுமே என்று நேற்று என் அம்மாவிடம் கன்னத்தைக் கேட்டேன். சமையலை நிறுத்திவிட்டு என் காலை ஒருமுறை பார்த்தார். “முதல்ல குதிவெடிப்புக்கு எண்ணெய் போடு, பேந்து யோசிப்பம்” என்றார். போட்டுக்கொண்டிருக்கிறேன்.